மணி அடித்த வேளைகள்

மாசி பிறந்தால் எங்கள் பக்கத்துப் பனங்காடுகளில் பதநீர்க் காலம். விடியற்காலையில் தாத்தா மரத்திலிருந்து இறக்கி வரும் பதநீரை ஆச்சி பெரிய தாச்சியில் ஊற்றிக் காய்ச்சுவாள். கொதி ஏறும்போது நுரை பொங்கி விளிம்பைத் தொடும். நசுக்கி வைத்த ஆமணக்கு முத்தில் ஒரு கிள்ளு எடுத்துப் போடுவாள், நுரை அடங்கும். அது மறுபடி எழுவதற்குள் அவள் உதடு அசையும். மூத்த மகன் பெயர், கட்டிக்கொடுத்த மகள் பெயர், காய்ச்சலில் கிடக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர், அடுத்த மரத்தின் உச்சியில் இருக்கும் தாத்தாவின் பெயர். நுரை எழும், இன்னொரு கிள்ளு. கருப்பட்டிப் பதம் வருவதற்குள் ஊரில் பாதிப் பேருடைய பெயர் ஆண்டவர் காதில் விழுந்திருக்கும்.

பொழுது சாய்ந்ததும் கோவில் மணி அடிக்கும். அரிக்கேன் விளக்கைத் துடைத்து ஏற்றி, பாய் விரித்து எல்லாரும் உட்காருவோம். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், ஆச்சியின் ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். பத்து வயதில் ஒருநாள் கேட்டேன்: "ஆச்சி, தெனமும் இதையேதான் சொல்லணுமா?" விளக்குத் திரியைத் தாழ்த்திக்கொண்டே ஆச்சி சொன்னாள்: "தெனமும் சோத்தத்தானல திங்க. அது மட்டும் அலுக்கலயோ?"

கோவிலில் அடிப்பதும் மணி, கடிகாரம் காட்டுவதும் மணி, செபமாலையில் விரல் நகர்த்துவதும் மணி. தமிழ் இந்த மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. கிறிஸ்தவ ஜனங்கள் அன்றாடம் ஜெபித்த கதையை இந்த மூன்று மணிகளைக் கொண்டே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஜெப வாழ்வு என்றதும் கண்ணீரையும் உருக்கத்தையும் இராமுழுக்க முழங்காலில் நிற்பவர்களையும் நினைக்கிறோம். அவர்கள் இருந்தார்கள், அவர்களால் சபை பிழைத்ததும் உண்மை. ஆனால் சாதாரண ஜனங்களிடம் ஜெபம் நிலைத்த இடங்களிலெல்லாம் அது ஏதோ ஒரு வேளையோடும் ஏதோ ஒரு வேலையோடும் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. முடிச்சு அவிழ்ந்த வீடுகளில் விசுவாசம் இருந்தும் ஜெபம் நின்றுபோனது.

முதல் சபைக்கே இந்த முடிச்சு யூத வீடுகளிலிருந்து வந்த சீதனம். பாபிலோனில் தானியேல் தினமும் மூன்று வேளை எருசலேமை நோக்கிய ஜன்னலருகே முழங்காலிட்டார். பேதுருவும் யோவானும் தேவாலயத்துக்குப் போனது பிற்பகல் ஜெபவேளையில். யோப்பா பட்டணத்தில் பேதுரு நண்பகலில் மொட்டைமாடிக்கு ஏறி ஜெபிக்கிறார். அவருக்குப் பசி, கீழே சமையல் நடந்துகொண்டிருக்கிறது. புறஜாதியாருக்குச் சபையின் கதவு திறந்த அந்தப் பெரிய தரிசனம், சோறு வேகக் காத்திருந்த நேரத்தில் வந்தது. அப்போஸ்தலர் நடபடிகளில் நான் மறுபடி மறுபடி போய் நிற்கும் இடம் இது.

தொடக்க காலச் சபையின் சிறு கையேடு ஒன்று உண்டு. பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்று பெயர். பல நூற்றாண்டுகள் தொலைந்து கிடந்த அதன் கையெழுத்துப் பிரதியைக் கான்ஸ்டான்டிநோபிளில் 1873இல் பிலோதேயோஸ் பிரியென்னியோஸ் கண்டெடுத்தார். 1883இல் அச்சில் வந்தது. ஞானஸ்நானம், உபவாசம், அப்பம் பிட்குதல் என்று சுருக்கமாகச் சொல்லிக்கொண்டு போகும் அந்த ஏடு, கர்த்தர் கற்பித்த பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. எந்த உணர்வோடு, எவ்வளவு நேரம் என்றெல்லாம் விளக்கம் இல்லை. மூன்று முறை, அவ்வளவுதான். கூலிக்காரர்களும் அடிமைகளும் நிறைந்திருந்த சபைக்கு அதுதான் ஏற்ற அளவு.

ஓயாமல் ஜெபிக்கும்படி பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதியிருக்கிறாரே, அதை என்ன செய்வது? நான்காம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி பெரும் சிக்கலாகவே ஆனது. ஜெபிப்பது மட்டுமே எங்கள் வேலை, கையால் உழைக்க மாட்டோம் என்று ஒரு கூட்டத்தார் கிளம்பினார்கள். அவர்களில் சிலர், அலெக்சாந்திரியாவுக்கு அருகே ஒன்பதாம் மைல்கல்லில் இருந்த மடத்துக்கு லூசியுஸ் என்ற பெரியவரைப் பார்க்க வந்தார்கள். நீங்கள் சாப்பிடுவதில்லையா என்று கேட்டார். சாப்பிடுவோம் என்றார்கள். அப்போது உங்களுக்காக யார் ஜெபிக்கிறார்? தூங்கும்போது யார் ஜெபிக்கிறார்? அவர்களிடம் பதில் இல்லை.

பிறகு லூசியுஸ் தன் வழக்கத்தைச் சொன்னார். ஓலையை நனைத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். கயிறு முடைந்துகொண்டே இரக்கத்துக்காக மன்றாடும் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டிருப்பேன். நாள் முழுக்க உழைத்தால் ஏறக்குறைய பதினாறு காசு வரும். இரண்டு காசை வாசலில் வைத்துவிட்டு மீதியில் சாப்பிடுவேன். அந்த இரண்டு காசை எடுத்துப் போகிறவன், நான் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் எனக்காக ஜெபிக்கிறான். இப்படித்தான் நான் ஓயாமல் ஜெபிக்கிறேன்.

பேரீச்சை ஓலையானாலும் பனையோலையானாலும் நனைந்த ஓலையைப் பின்னும் கைக்கு ஒரு தாளம் உண்டு. ஊரில் பெட்டி முடையும் பெண்களைப் பார்த்திருப்பவர்களுக்கு லூசியுஸ் அந்நியராகத் தெரிய மாட்டார். ஆனால் என்னை இந்தக் கதையில் அதிகம் தொடுவது வாசலில் வைத்த இரண்டு காசுதான். ஒருவரால் ஓயாமல் ஜெபிக்க முடியாது. அவருக்கே அது தெரிந்திருந்தது. தான் விட்ட இடத்தைப் பெயர் தெரியாத ஒரு ஏழை தொடர்வான் என்று நம்பினார்.

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் மடத்துக்கு எழுதிய ஒழுங்குமுறையில் பகலில் ஏழு வேளையும் இரவில் ஒரு வேளையும் ஜெபம். 150 சங்கீதங்களும் ஒரு வாரத்தில் முடிந்துவிட வேண்டும். அழைப்பு காதில் விழுந்ததும் கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு எழ வேண்டும். அழகான ஒழுங்கு, பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவைத் தாங்கிய ஒழுங்கு. ஆனால் அதற்குள் ஒரு இழப்பும் இருந்தது. லத்தீன் தெரிந்த துறவிகள் ஜெபிப்பவர்களாகவும், வயலில் நிற்பவன் அவர்களுக்குக் காணிக்கை கொடுப்பவனாகவும் மெல்லப் பிரிந்து போனார்கள்.

ஜனங்கள் அதோடு விட்டுவிடவில்லை. வாசிக்கத் தெரியாதவர்கள் 150 சங்கீதங்களுக்குப் பதிலாகக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை 150 முறை சொன்னார்கள். எண்ணிக்கை தப்பாமல் இருக்கக் கயிற்றில் மணி கோத்துக்கொண்டார்கள். செபமாலை வளர்ந்த வழிகளில் இதுவும் ஒன்று. சீர்திருத்த சபையில் பிறந்த நான், மணியை உருட்டி எண்ணுவது வீண் என்று கேட்டு வளர்ந்தவன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை. எழுத்துத் தெரியாத ஒருவர் சங்கீத புத்தகத்தைத் தன் விரலுக்குக் கொண்டுவந்த வழி அது.

மாலை மணி அடித்ததும் மரியாளுக்குச் சொல்லப்பட்ட தூதை நினைத்து மூன்று முறை ஜெபிக்கும் வழக்கமும் இப்படிப் பரவியதுதான். 1318இல் திருத்தந்தை 22ஆம் யோவான் அதற்கு ஒப்புதல் அளித்தார். பின்னர் காலையும் நண்பகலும் சேர்ந்து அது மூவேளைச் செபம் ஆயிற்று. பிரெஞ்சு ஓவியர் மிய்யே 1857க்கும் 1859க்கும் இடையில் வரைந்த படத்தில், உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த ஒருவனும் ஒருத்தியும் கவைக்கோலுக்கும் கூடைக்கும் நடுவே தலை குனிந்து நிற்கிறார்கள். கோபுரம் தொடுவானில் சின்னதாகத் தெரிகிறது. மணியோசையை ஓவியத்தில் வரைய முடியாது. அந்த இரண்டு தலைகள் குனிந்திருப்பதிலிருந்து நமக்குக் கேட்கிறது.

சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் அன்றாட ஜெபத்துக்குச் செய்த பெரிய காரியம் ஒரு நாவிதருக்கு எழுதிய சிறு நூல். விட்டன்பெர்க்கில் அவருக்கு முடி திருத்தும் பீட்டர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் தன் நாவிதருக்காக உட்கார்ந்து எழுதினார், 1535இல் வெளியானது. தனக்கே ஜெபத்தில் மனம் குளிர்ந்துபோகும் நாட்கள் உண்டு என்று அதில் ஒப்புக்கொள்கிறார். அப்படிப்பட்ட நேரத்தில் சங்கீதத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள்ளோ கோவிலுக்கோ போய், பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் குழந்தையைப் போல வாய்விட்டுச் சொல்வாராம். சொல்லச் சொல்ல மனம் சூடேறும். நல்ல நாவிதன் கண்ணையும் மனத்தையும் கத்தியிலேயே வைத்திருப்பான், அரட்டையில் கவனம் போனால் மூக்கை அறுத்துவிடுவான், ஜெபமும் அப்படித்தான் என்று பீட்டரின் தொழிலிலிருந்தே விளக்குகிறார்.

அதே ஆண்டு ஈஸ்டருக்கு முந்தின நாள், சாப்பாட்டு மேசையில் நடந்த சச்சரவில் பீட்டர் தன் மருமகனைக் குத்திக் கொன்றுவிட்டார். லூத்தரும் மற்றவர்களும் மன்றாடியதால் தலை தப்பியது; ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. ஜெபத்தைப் பற்றி அழகாக எழுதுகிறவர்கள் பொதுவாக இந்தப் பின்கதையைச் சொல்வதில்லை. சொல்லத்தான் வேண்டும். ஜெபிக்கக் கேட்ட மனிதர், தினமும் கத்தி பிடித்த மனிதர், தன் கோபத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றிருந்தார் என்பது நமக்குத் தெரிய வேண்டும். அவருக்கு எழுதிய அந்த நூலை மற்றவர்களும் எடுத்து வாசித்துக்கொண்டேயிருந்தார்கள்.

இங்கிலாந்தில் பேராயர் கிரான்மர் 1549இல் மடங்களின் எட்டு வேளை ஜெபத்தைக் காலை, மாலை என்று இரண்டாகக் குறுக்கி, ஜனங்களின் மொழியில் தந்தார். பாரிஸில் கர்மேல் மடத்துச் சமையல்காரர் சகோதரர் லாரன்ஸ், 1691இல் இறக்கும்வரை, பாத்திரங்களின் நடுவிலும் ஆண்டவர் முன் நிற்கிறேன் என்ற நினைவோடு வாழ்ந்தார். இவ்விரண்டும் தனித்தனியே எழுத வேண்டியவை. நம் கடற்கரைக்கு வருவோம்.

1542இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அங்கிருந்த பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஜெபம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, மிகுந்த பாடுபட்டு ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்தார். நாளுக்கு இரண்டு முறை பாடம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தகப்பனுக்கும் தாய்க்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் விவரிக்கிறார்.

அடுத்த மாதமே இன்னொரு கடிதம், உடன் உழைத்த மான்சிலாஸுக்கு. விசுவாசப் பிரமாணத்தில் "வேணும்" என்று சொல்லிக்கொடுத்து வந்த இடத்தில் இனி "விசுவாசம்" என்ற சொல்லை வைக்கும்படி எழுதுகிறார். "வேணும்" என்றால் விரும்புகிறேன் என்றல்லவா ஆகிவிடுகிறது! யோசித்துப் பாருங்கள். வெயிலில் வலை காயும் மணலில், கடலோரச் சிறுவர்கள் கூட்டமாக உட்கார்ந்து, கடவுளை நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குக் கடவுள் வேணும் என்று மாதக்கணக்காகச் சொல்லியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் அது பிழை. ஜெபமாக அது கேட்கப்படாமல் போயிருக்கும் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அடுத்து வந்த அன்ட்ரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற 16 பக்க நூலை அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. நம் அச்சு வரலாற்றின் வாசலில் கிடப்பது ஒரு ஜெபப் புத்தகம் என்பதைத் தமிழர்கள், எந்தச் சமயத்தவரானாலும், நினைவில் வைத்திருக்கலாம்.

மனப்பாடம் என்றால் இன்று நமக்கு இளக்காரம். அது எதற்குப் பயன்பட்டது என்பதை யாழ்ப்பாணம் காட்டும். 1658இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டார்கள். குருக்களுக்கு இடம் கொடுப்பதே குற்றமாயிற்று. கோவில்கள் கைமாறின. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குருவானவர் கூலிக்காரர் வேடத்தில் வந்து சேர்ந்தார். கத்தோலிக்கர் யார் என்று யாரையும் கேட்க முடியாது, கேட்டால் பிடிபடுவார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். அந்த மணிகளைப் பார்த்ததும் எந்த வீட்டில் முகம் மாறுகிறது என்று கவனித்தார். முகங்கள் மாறின. சில்லாலை என்ற ஊரில் அவரை மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள்.

ஒரு தலைமுறைக்கு மேல் அந்த வீடுகளில் எதுவும் எரியாமல் இருந்திருந்தால், செபமாலை வெறும் மணிக்கோவையாகத்தான் தெரிந்திருக்கும். குரு இல்லாத அந்த ஆண்டுகளில் பொழுது சாயும் வேளையில் யாரோ ஒரு தாய் பிள்ளைகளை உட்காரவைத்து, மனப்பாடமாய்த் தெரிந்ததைத் தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கிறாள். அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வாஸ் அடிகளாரை 2015இல் கொழும்பில் புனிதராக அறிவித்தபோது நான் அவளையும் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தால், 1799இல் உருவான முதலூர் தொடங்கி, மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் என்று ஊர் ஊராக எழுந்த கிறிஸ்தவக் குடியிருப்புகளில் நாளை வகுத்தது கோவில் மணிதான். குருவானவர் எங்கோ இருப்பார். ஊரில் இருப்பவர் உபதேசியார். அவர் மணி அடித்து, வந்திருக்கும் பத்துப் பேரோடு ஜெபத்தை நடத்துவார். பனையேறிவிட்டு வந்தவர்கள் மார்பில் மரம் உரசிய தழும்போடு அங்கே நின்றார்கள். வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் பாடிக் கொடுத்த கீர்த்தனைகள் வாசிக்கத் தெரியாதவர்கள் வாயிலும் இருந்தன. எங்கள் வீட்டுப் பாயில் இருந்த ஒழுங்கு அந்தக் கோவிலிலிருந்து எடுத்து வந்தது.

ஜெபம் என்ற நம் சொல்லே திரும்பத் திரும்ப முணுமுணுப்பதைக் குறிக்கும் "ஜபம்" என்பதிலிருந்து வந்தது. சொந்த வார்த்தையில், மனத்தில் ஊறியதைச் சொன்னால்தான் உண்மையான ஜெபம் என்று பிற்காலத்தில் ஒரு எண்ணம் நம்மிடையே வலுத்தது. அந்த எண்ணத்தில் உண்மை இருக்கிறது. வாய் அசைந்து மனம் அசையாத ஜெபத்தை இயேசுவே கடிந்தார். ஆனால் அந்த எண்ணம் மட்டுமே போதும் என்று நினைத்ததால் இழந்தவர்களில் நானும் ஒருவன். சென்னையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் இரவு வேலை பார்த்த ஆண்டுகளில் குடும்ப ஜெபம் நின்றுபோனது. விசுவாசத்தை நான் உதறவில்லை. மனம் அமைதியாக இருக்கும்போது ஜெபிக்கலாம் என்று காத்திருந்தேன். அது அமைதியாகவில்லை, ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன.

இன்று எங்கள் சபைகளில் உபவாசக் கூட்டங்களுக்கும் எழுப்புதல் கூட்டங்களுக்கும் பந்தல் நிறைகிறது. நல்லது. ஆனால் பந்தலிலிருந்து வீடு திரும்பும் பிள்ளைக்கு, மறுநாள் மாலை ஏழு மணிக்கு வீட்டில் பாய் விரிக்கப்படுகிறதா? ஒருவர் நிறுவனத்தில் இரவுப் பணி, ஒருவர் தனிப்பயிற்சி வகுப்பில், ஒருவர் கைப்பேசியில். வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்காரும் ஒரே வேளை என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. பிள்ளைகளுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று பிரசங்கிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஒரு மணி நேரத் தியானத்தைக் கட்டளையிட வேண்டாம். பால் பொங்கும் நேரம், பேருந்து வரும்வரை நிற்கும் நேரம், கடை ஷட்டரை இழுத்துவிட்டுப் பூட்டும் நேரம், இவற்றில் ஒன்றைக் காட்டி, சொல்லத் தெரியாவிட்டால் கடன் வாங்கிய வார்த்தையே போதும் என்று கற்றுக்கொடுக்கலாம். லூசியுஸுக்கு ஓலை இருந்தது, ஆச்சிக்குத் தாச்சி இருந்தது.

எங்கள் வீட்டில் அது திரும்பி வந்தது 2020இல், ஊரடங்கு நாட்களில். அம்மா ஊரில் தனியாக இருந்தாள். தங்கை ஷார்ஜாவில், நான் சென்னையில். ஒருநாள் அம்மா, எட்டரைக்கு எல்லாரும் போனில் வாங்க, ஜெபம் பண்ணுவோம் என்றாள். நமக்கு எட்டரை என்றால் தங்கைக்கு ஏழு. அடுப்பில் அவளுக்கு வேலை இருக்கும். போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே பாடுவாள். இணைப்பு பின்தங்குவதால் பரமண்டல ஜெபத்தை ஒருவரும் ஒரே நேரத்தில் முடிப்பதில்லை. அம்மாவின் ஆமென் முதலில் வரும், பிறகு என்னுடையது, கடைசியில் வளைகுடாவிலிருந்து தங்கையுடையதும் அவள் பிள்ளைகளுடையதும்.

ஊரடங்கு முடிந்தும் அது நிற்கவில்லை. போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் போன் மணி அடித்தது. "ஏல, எடு, நேரமாச்சி" என்று சொல்லிக்கொண்டே கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.